இரத்தினவேல், கோ., 1978

மூன்று மணிக்குக் கூப்பிடுவார்கள். இப்போது இரண்டு இருபது. நாற்பது நிமிடம் முன்னதாகவே வந்து உட்கார்ந்துவிடுவது என் வழக்கம், பேருந்துக்கும் அப்படித்தான், கல்யாண வீட்டுக்கும் அப்படித்தான். மடியில் நூலகப் பதிவேடு. மூன்று கிலோ இருக்கும். நீல அட்டை, முதுகில் சிவப்புத் துணி, மூலைகளில் பசை காய்ந்து செதில் செதிலாக உரிகிறது. இந்தக் கல்லூரி வாங்கிய ஒவ்வொரு புத்தகத்துக்கும் இதில் ஒரு வரி உண்டு. முதல்வர் அறைக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே விசாரணைக் குழு, மூன்று பேர், தலைவர் வேலாயுதம் சார். எனக்கு வந்த கடிதத்தை நாலாக மடித்துப் பதிவேட்டுக்குள் வைத்திருக்கிறேன். எடுத்துப் படிக்க வேண்டியதில்லை, மனப்பாடம். 'கோ. இரத்தினவேல் எழுதிய ஓடைக்கரை விளையாட்டுகள் (வடிவு பதிப்பகம், வள்ளியூர், 1978) என்னும் நூல் நமது நூலகத்தில் உள்ளதா என்பதைப் பதிவேட்டுடன் நேரில் வந்து தெரிவிக்கவும்.' இல்லை. ஒரு சொல்தான் பதில். அதற்கு எதற்கு மூன்று கிலோ. அந்தப் புத்தகம் இந்த நூலகத்தில் இல்லை, எந்த நூலகத்திலும் இல்லை, யாருடைய வீட்டுப் பரணிலும் இல்லை. எனக்கு அது நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் அந்தப் புத்தகத்தை உண்டாக்கியது நான். கோ. இரத்தினவேல் என் வீட்டுக்காரர். போக்குவரத்துக் கழகப் பணிமனையில் இருபத்தொன்பது வருஷம் பேருந்துக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவர். வடிவு என்பது நான், சண்முகவடிவு, நூலகர். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன், அடைப்புக்குறியோடு, கல்யாணப் பத்திரிகை மாதிரி. இன்னும் யாரும் கவனிக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஜூலை மாதம், ஆய்வு மாணவர்களுக்கு நான் ஒரு நாள் பயிற்சி நடத்தினேன். ஆய்வேட்டின் கடைசியில், என்னென்ன புத்தகங்களைப் பார்த்தோம் என்று துணைநூற்பட்டியல் போட வேண்டும். அதைத் தானாகவே போட்டுத் தருகிற இணையக் கருவி ஒன்று வந்திருந்தது. ஆங்கிலப் புத்தகம் என்றால் அதற்குக் கொண்டாட்டம், பின்னட்டையில் இருக்கிற நீள எண்ணைக் கொடுத்தால் போதும், ஆசிரியர், ஊர், வருஷம், எல்லாவற்றையும் நொடியில் நிரப்பிவிடும். தமிழ்ப் புத்தகம் என்றால் திருதிருவென்று விழிக்கும். நம் பழைய பதிப்புகளுக்கு அந்த எண் எங்கே இருக்கிறது? ஒவ்வொரு கட்டமாக நாம்தான் தட்டச்சு செய்ய வேண்டும். முதல் பெயர் ஒரு கட்டம், கடைசிப் பெயர் ஒரு கட்டம். "எனக்கு இருக்கிறதே ஒரு பேருதான் மேடம், அத எந்தக் கட்டத்துல போட?" என்று ஒருத்தி கேட்டாள், அறையே சிரித்தது, நானும் சிரித்தேன். அன்றைக்குக் காலையில் மின்சாரம் போய்ப் போய் வந்தது. கணினியை மறுபடி மறுபடி போட்ட அவசரத்தில், வகுப்பில் காட்ட என்று எடுத்து வைத்திருந்த புத்தகங்களைக் கீழே நூலக மேசை மேலேயே விட்டுவிட்டு மாடி வகுப்புக்குப் போயிருந்தேன். பதினெட்டாயிரம் புத்தகம் இருக்கிற நூலகத்தின் நூலகர், ஒரு புத்தகம்கூடக் கையில் இல்லாமல் நின்றேன். கீழே இறங்கி ஏறினால் பத்து நிமிடம். முழங்கால் வேறு. சரி, மாதிரிக்குத்தானே என்று வாயில் வந்ததைத் தட்டினேன். உப்பளம் பற்றி ஒன்று, தேர்வடம் பற்றி ஒன்று, விளையாட்டுகள் பற்றி ஒன்று. ஆசிரியர் பெயர் வேண்டுமே. கைக்கு முதலில் வந்தது வீட்டுக்காரர் பெயர். சாயங்காலம் அவரிடம் சொன்னேன், "உங்க பேருல ஒரு புத்தகம் போட்டாச்சு இன்னைக்கு." அவர் தட்டில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "எத்தன பக்கம்?" "இருநூத்தி நாப்பது." "கல்யாணம் ஆனதுலேருந்து அவ்வளவு நான் பேசினதே இல்லயேட்டி," என்றார். எவ்வளவு சிரித்தேன். புரையேறித் தண்ணீர் குடித்தேன். அந்தச் சிரிப்புக்கு இப்போது கணக்குக் கேட்கிறார்கள் என்று நினைக்கக் கூடாது. அப்படி நினைத்தால் நான் ஏதோ விதியில் மாட்டிக்கொண்டவள் மாதிரி ஆகிவிடும். விதி இல்லை. பத்து நிமிடம் நடக்கச் சோம்பல்பட்டேன், அவ்வளவுதான்.

அன்று நான் தட்டியதெல்லாம் ஒரு பொதுப் பட்டியலில் போய் விழுந்தது. வகுப்பில் இருந்த பதினேழு பேரும் அந்தப் பட்டியலில் சேர்ந்திருந்தார்கள். சேரச் சொன்னது நான். சாயங்காலம் அழித்துவிடலாம் என்று நினைத்தேன், நாலரை மணிப் பேருந்து வந்துவிட்டது. மறுநாள் அழித்துவிடலாம் என்று நினைத்தேன், மறுநாள் கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நினைக்கவே இல்லை. ஒரு பொருளை அதன் இடத்தில் வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவள் நான். பதினேழு பேரில் ஒருத்தி இசக்கிராணி. தமிழ்த்துறை, சிறுவர் விளையாட்டுப் பாட்டுகள் பற்றி ஆய்வு. ஐந்து வருஷமாக ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூட மைதானங்களில் உட்கார்ந்து, நூற்றெண்பது பாட்டுகளைக் கைபேசியில் பதிந்து வைத்திருக்கிறாள். எல்லாம் உண்மையான பாட்டுகள், பாடிய பிள்ளையின் பெயர், வயசு, தெரு எல்லாம் உண்டு. எழுதி முடித்ததும் அவளுடைய நெறியாளர் பட்டியலை எண்ணிப் பார்த்தாராம். இங்கே அது ஒரு வழக்கம், பட்டியல் நூறுக்குக் குறைந்தால் நெறியாளருக்கு மானம் போகும், அதனால் ஆய்வேட்டை முதல் பக்கத்தில் இருந்து படிப்பதற்கு முன்னால் கடைசிப் பக்கத்தை எண்ணுவார்கள். "தொண்ணூத்தி மூணுதானம்மா இருக்கு, ஒப்பேத்திக் கொண்டா." அவள் கருவியைத் திறந்து, பொதுப் பட்டியலில் இருந்து தன் தலைப்புக்குப் பொருந்துகிற ஏழு பெயர்களைச் சேர்த்துக்கொண்டாள். உப்பளத்தை விட்டாள், தேர்வடத்தை விட்டாள், ஓடைக்கரையை எடுத்துக்கொண்டாள். ஆறு உண்மை, ஒன்று நான். வெளியூர்த் தேர்வாளர் ஒருவர், பொறுமைசாலி போலிருக்கிறது, நூறையும் தேடிப் பார்த்திருக்கிறார். 'இப்படி ஒரு நூல் எங்கும் இல்லை, ஆய்வாளர் புனைந்திருக்கிறார்' என்று எழுதிவிட்டார். புனைந்தது நிரூபணம் ஆனால் அவளுடைய ஆய்வுப் பதிவு ரத்து. ஐந்து வருஷம், நூற்றெண்பது பாட்டு, எல்லாம் போகும்.

"என்ன மேடம், இம்புட்டுச் சீக்கிரம்? உள்ள இன்னும் காப்பியே முடியல." உதவியாளர் ஆறுமுகநயினார், தம்ளர்கள் அடுக்கிய தட்டோடு. இந்தக் கட்டடத்தில் கதவுக்கு உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று கதவுக்கு வெளியே தெரிந்த ஒரே ஆள். "நீங்க அதத் தூக்கிட்டு உக்காந்திருக்கதப் பாத்தா, கைப்பிள்ளைக்கு ஊசி போடக் கொண்டுவந்த மாதிரில்லா இருக்கு." சும்மா இரும் அண்ணாச்சி என்றேன். அவர் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பிள்ளை பாவம் மேடம். நம்ம லைப்ரரியிலதான் படிச்சேன்னு முதல் விசாரணையிலயே சொல்லிட்டு. அதப் பிடிச்சுக்கிட்டாங்க. இருந்ததுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது." இருந்தால்தானே சொல்ல, என்றேன். "கரையான் தின்னுட்டுன்னு சொல்லுங்க. கரையான் வந்து இல்லன்னா சொல்லப் போவுது?" தட்டு கிணுகிணுவென்று ஆட அவர் போய்விட்டார். போகிற போக்கில் சொன்னார், வேடிக்கைக்குச் சொன்னார், ஆனால் என்னால் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் காலையில் இருந்து நானும் கரையானைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பதிவேட்டில் முந்நூற்றுப் பதினோராம் பக்கம். இரண்டு வருஷத்துக்கு முன் மழைக்காலத்தில் பின்னறைச் சுவர் ஊறி, கரையான் ஏறி, கீழ்த்தட்டுகள் இரண்டும் மண்ணாகிவிட்டன. அள்ளினால் கையில் தாள் வரவில்லை, பொடிதான் வந்தது. எந்தெந்தப் புத்தகம் என்று பார்க்க முடியாமல் எண்ணிக்கையை மட்டும் உத்தேசமாக எழுதினேன். 'கரையான் அரித்துக் கழிக்கப்பட்டவை: 212.' சிவப்பு மையில், என் கையெழுத்தோடு. நாட்டுப்புறப் புத்தகங்கள் இருந்த தட்டுகள்தான் அவை. நன்கொடையாக வந்து, வரி எழுதப்படாமல் கிடந்த கட்டுகளும் அங்கேதான் இருந்தன. ஆகவே 212-க்குள் எதை வேண்டுமானாலும் போடலாம், எந்தப் புத்தகமும் அதற்குள் இருந்திருக்க முடியும். ஆமாம் சார், இருந்தது, போய்விட்டது. இவ்வளவு போதும். ஒருவரும் மேலே கேட்க முடியாது. அந்தப் பெண் பிழைப்பாள். நானும் பிழைப்பேன், ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாதம், வழியனுப்பு விழாவில் 'பதிவேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது' என்று யாராவது பேசுவார்கள், நான் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருப்பேன். யாருக்கு நஷ்டம்? இல்லாத புத்தகத்தை இல்லாமல் போன புத்தகங்களோடு வைக்கிறோம். ஆனால் தேர்வாளர் எழுத்தில் கேட்பாரே. நூலகர் உறுதி செய்தார் என்று கோப்பில் ஏறும். அதைப் பார்த்து அடுத்து ஒரு பிள்ளை எடுத்துப் போடும், அதைப் பார்த்து இன்னொன்று. முப்பது வருஷம் கழித்து, 'கிடைத்தற்கரிய நூல்' என்று ஒருவர் கட்டுரை எழுதுவார், தேடுவதற்கு வள்ளியூருக்குப் பேருந்து ஏறுவார், வடிவு பதிப்பகம் எங்கே என்று கடைகடையாக விசாரிப்பார். அவர் வெயிலில் நிற்பது எனக்குத் தெரிகிறது. கையில் குடைகூட இல்லை. யார் என்றே தெரியாத அந்த மனிதருக்காக நான் வருத்தப்படுகிறேனா, அல்லது அவரைக் காரணம் காட்டி வேறு எதையோ யோசிக்காமல் இருக்கிறேனா. முழங்கால் வலிக்கிறது. பதிவேட்டை இடது தொடைக்கு மாற்றிக்கொண்டேன். மாடிப்படியில் செருப்புச் சத்தம், பாதி ஏறி நின்று, மறுபடி ஏறுகிறது.

இசக்கிராணி. மஞ்சள் சுடிதார், தோளில் துணிப்பை, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. அழுதிருக்கலாம், திட்டியிருக்கலாம், அவள் முகம் மலர்ந்தது. பெஞ்சில் என் பக்கத்தில், ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள். "மேடம், புத்தகம் வந்துட்டா?" நான் பதிவேட்டின் மூலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். "சாப்பிட்டியாம்மா?" என்றேன். "இல்ல மேடம், இறங்கல. எடுத்தவங்க கொண்டுவந்துட்டாங்களா?" "வரலம்மா." "சரி, பரவால்ல மேடம். இருக்குன்னு நீங்க சொன்னாலே போதும்னு அண்ணாச்சி சொன்னாங்க." துணிப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு, என்னிடம் இல்லை, எதிரே இருந்த அறிவிப்புப் பலகையிடம் சொல்வது போலச் சொன்னாள், "நான் அதப் படிச்சேனான்னே எனக்கு இப்ப தெரியல மேடம். நூறு புத்தகம். சிலது முழுசா, சிலது அட்டையும் உள்ளடக்கமும் மட்டும். வேலாயுதம் சார் எடுத்த எடுப்புல படிச்சியா இல்லையான்னு அதட்டினாங்களா, படிச்சேன்னு வாயில வந்துட்டு. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். படிச்சிருக்கேன்னுதான் தோணுது. பச்சை அட்டைதான மேடம்?" பச்சை. நான் அந்தப் புத்தகத்துக்கு அட்டையே யோசித்ததில்லை. ஆனால் அவள் சொன்ன நொடியில் எனக்குப் பச்சையாகவே தெரிந்தது, பாசிப்பச்சை, நடுவில் கிட்டிப்புள் ஆடுகிற ஒரு பிள்ளையின் கோட்டுப்படம், முதுகில் என் கையால் ஒட்டின எண் சீட்டு. நாங்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பச்சை அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பயம் வந்துவிட்டால் மனசு இப்படித்தான் புத்தகம் அச்சடிக்கும் போலிருக்கிறது. "பாட்டெல்லாம் பத்திரமா வச்சிருக்கியாம்மா?" என்றேன். "அத எங்க போடச் சொன்னாலும் போடுவேன் மேடம். பாளையங்கோட்டையில ஒரு பிள்ளை, ரெண்டாங்கிளாஸ், என்ன வெளிய நிறுத்திட்டா. ஆட்டத்துக்குள்ள வந்து தோத்தாத்தான் பாட்டச் சொல்லுவேன்னுட்டா. தோத்தேன்." சிரித்தாள். சிரித்துவிட்டு, கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள்.

எடுத்தவங்க கொண்டுவந்துட்டாங்களா என்று கேட்டாளே. அந்தக் கேள்வி என்னிடம் இருந்து போனது. இதுவரை நான் சுற்றிச் சுற்றி வந்ததெல்லாம் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடலாம் என்றுதான். மின்சாரம், முழங்கால், நாலரைப் பேருந்து, கரையான், வெயிலில் நிற்கும் யாரோ ஒருவர். அவையெல்லாம் தவறுகள், தவறு யாருக்கும் வரும், தவறைச் சொல்லிவிட்டு ஒரு ஆள் கண்ணியமாக ஓய்வு பெறலாம். இது தவறு இல்லை. போன செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை மணி. நான் எண் சீட்டுகளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன். மேசைக்கு எதிரே வந்து நின்று, "மேடம், ஓடைக்கரை விளையாட்டுகள்னு ஒரு புத்தகம், இரத்தினவேல்னு ஒருத்தர் எழுதினது, நம்மகிட்ட இருக்கா? தேர்வாளர் கேட்டிருக்காங்க, நாளைக்கு விசாரணை," என்றாள். கேட்டவுடனே தெரிந்துவிட்டது. யோசிக்க ஒரு நொடிகூட வேண்டியிருக்கவில்லை. பசைத்தூரிகை கையில் அப்படியே நின்றது. என்ன நடந்திருக்கிறது, எப்படி நடந்திருக்கிறது, எல்லாம் அந்த ஒரு மூச்சில் விளங்கிவிட்டது. அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம். அம்மா, அது நான் மாதிரிக்குப் போட்டது, வா, இப்போதே முதல்வரிடம் போவோம். மறுநாள் விசாரணையில் அவள் பொய் சொல்லியிருக்க மாட்டாள். நான் சொன்னது, "நாட்டார் வழக்காறு ரேக்ல பாரும்மா." அவள் போனாள். ஒன்றரை மணி நேரம் தேடினாள். என் மேசையில் இருந்து அந்த ரேக் தெரியும். கீழ்த்தட்டுக்குக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு முதுகாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே நகர்ந்தாள். நடுவில் ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் சீட்டு ஒட்டினேன். அன்றைக்கு நாற்பத்தாறு புத்தகத்துக்கு ஒட்டினேன், ஒன்றுகூடக் கோணல் இல்லை. ஒரு மணிக்குக் கையெல்லாம் தூசியோடு வந்து, "இல்ல மேடம்," என்றாள். அப்போதும் இன்னொரு வாய்ப்பு இருந்தது. "யாராவது எடுத்திருப்பாங்க. வரும்," என்றேன். வரும். அவள் அதை நம்பினாள். அதன் மேல் ஏறி நின்றுதான் மறுநாள் படித்தேன் என்று சொன்னாள். எங்கே என்று கேட்டபோது நம் நூலகத்தில் என்று சொன்னாள். நூலகரே வரும் என்று சொன்ன புத்தகம் இல்லாமலா இருக்கும்? அவளுடைய பொய்க்கு முன்னால் என் பொய் ஒரு நாள் மூத்தது.

இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மாதிரிப் புத்தகம் என்று மட்டும் சொன்னால் சிரித்து விட்டுவிடுவார்கள், வேலாயுதம் சார்கூடச் சிரிப்பார், 'என்ன மேடம், உங்க வீட்டுக்காரரா' என்பார். பிறகு அவள் பக்கம் திரும்பி, இல்லாத புத்தகத்தை எப்படியம்மா படித்தாய் என்பார், அதோடு அவள் கதை முடியும். என் தவறை நான் ஒத்துக்கொண்டு நல்ல பெயரோடு வெளியே வருவேன், அவள் பொய்யோடு உள்ளே நிற்பாள். பாதி உண்மை கரையானைவிட மோசம். முழுசாகச் சொன்னால் அவர்கள் சிரிக்க மாட்டார்கள். "இசக்கி," என்றேன். முதல் தடவையாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். "அந்தப் புத்தகம் இல்லம்மா. எங்கயும் இல்ல. வகுப்புல மாதிரிக்கு நான் எழுதினது. நீ வந்து கேட்டப்பவே எனக்குத் தெரியும்."  அவள் கைக்குட்டையைப் பிரித்து, மடித்து, மறுபடி பிரித்தாள். "நான் ரேக்ல தேடினேன்லா," என்றாள். ஆமாம் என்றேன். "அடித்தட்டு வரைக்கும்." ஆமாம். "நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?" அதற்கு என்னால் ஆமாம் சொல்ல முடியவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். அவள் எழுந்து, பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். கேட்டால் அவள் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும், அந்தச் சுமையும் எதற்கு அவளுக்கு. அங்கிருந்தே, என்னைப் பார்க்காமல், "உள்ள போய் என்ன சொல்லுவீங்க மேடம்?" என்றாள். குரலில் மேடம் மட்டும் பழக்கத்தினால் ஒட்டிக்கொண்டிருந்தது. கதவு திறந்து ஆறுமுகநயினார் தலையை நீட்டினார்.

"வடிவு மேடம், கூப்பிடுதாங்க." பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். கால் மரத்துப்போயிருந்தது. உள்ளே மூன்று பேர், நடுவில் வேலாயுதம் சார், ஓரத்தில் குறிப்பெழுதுகிற பெண். சார் நாற்காலியைக் காட்டினார், நான் உட்காரவில்லை. "வாங்க மேடம், சுருக்கமா முடிச்சிரலாம். புத்தகம் இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க, போதும்." பதிவேட்டை அவர் மேசையில் வைத்தேன், திறக்கவில்லை. குறிப்பெழுதுகிற பெண் பேனா மூடியைக் கழற்றும் வரை காத்திருந்தேன். "புத்தகத்தப் பத்தி அப்புறம் சொல்லுதேன் சார்," என்றேன். "போன செவ்வாய்க்கிழமை அந்தப் பிள்ளை என்கிட்ட வந்தா. அதுலேருந்து எழுதிக்கிடுங்க."